பதினொரு மணிக்குமேல் 'த' வராது

வாஷ்பேசினில் பாதிவரை தண்ணீர் பிடித்து
அடியில் பழைய துவாலையை விரிக்கிறேன்.
கை நழுவினால் பல்செட் உடையக்கூடாது.
பசை போட்டு ஒட்டிய செட் பல் இல்லை, பிளேடு
என்பார் டாக்டர் சல்தானா.

மற்றவர்களுக்குச் செட் உரசினால்
ஈறு புண்ணாகும், மருந்து தடவி மறந்துவிடுவார்கள்.
எனக்கு அண்ணத்தில், நாக்கின் ஓரத்தில், கீழுதட்டில்
சிவப்புப் புள்ளிகள்.
தொட்டால் திறந்துகொள்ளும்,
மூட அவசரமே படாது.

அப்பா விட்டுப்போனது இரண்டு.
ஆன்ட்டாப் ஹில்லில் பத்துக்குப் பத்து அறை
அண்ணனுக்கு.
புள்ளிகள் எனக்கு.

ஆகவே ஒவ்வொரு இரவும்
புடவைக் கடையில் ஜரிகையைத் தடவுகிறவள்போல்
விளிம்பு முழுக்க விரலை ஓட்டுகிறேன்.
சொரசொரப்பு தட்டினால் நாளைக்கு வெறும் வாய், ரசம் சாதம்,
சாயங்காலம் டாக்டரின் வரிசை.
நானே ராவிக்கொள்ளலாம் என்று
ஒருமுறை நக அரத்தை எடுத்தேன்.
அது தனிக் கதை,
சயான் ஆஸ்பத்திரியில் முடிந்தது.

மிருதுவான பிரஷ். பேஸ்ட் வேண்டாம், கீறும்.
சோப்பு போதும். வெந்நீர் பட்டால் வளையும்.
வெறும் ஈறை மட்டும் ஈரத்துணியால்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.
பிறகு டப்பா, தண்ணீர், மூடி.

செம்பூரில் 8.12, லேடீஸ் டப்பா.
சாயா காம்ப்ளே தினமும் சிக்கி நீட்டுவாள்.
மாட்டேன் என்றால் காரணம் கேட்பாள்.
வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன்.
பையில் இப்போது ஒன்பது சிக்கி.
என் உதட்டைப் பார்த்து ஒருநாள் கேட்டாள்,
இந்த லிப்ஸ்டிக் எங்கே கிடைக்கும்?

பல்லைக் கழற்றிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.
ரத்தம், குருதி, உதிரம், செந்நீர்
எதைச் சொன்னாலும்
நாக்கு போய்ப் பல்லைத் தொடவேண்டியிருக்கிறது.
தொட அங்கே ஒன்றுமில்லை, காற்றுதான்.
பல் என்று சொல்லப் பல் வேண்டாம்.
வலி என்று சொல்லவும்.
டாக்டர் சீட்டில் எழுதும் மூன்று இங்கிலீஷ் எழுத்துக்கும்.

பெண்ணுக்குத் தமயந்தி என்று பெயர் வைத்தபோது
வாய் நிறையப் பல் இருந்தது.
இப்போது பதினொரு மணிக்குமேல்
அவள் வெறும் மயி.

இன்று அவள் என் பக்கத்தில் நின்று
கண்ணாடி பார்த்துச் சாயம் துடைக்கிறாள்.
பத்தொன்பது வயது, ஆபீஸில் முதல் மாதம்.
ஏன் இவ்வளவு அடர்த்தியாகப் பூசுகிறாள் என்று
நான் கேட்டதில்லை.
பஞ்சு இரண்டாம் முறை இழுத்தபோது
கீழுதட்டில் இடதுபுறம்
ஒன்று மட்டும் போகவில்லை.

நான் பார்த்ததை
அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

வெறும் வாயில் எனக்கு வந்த ஒரே சொல்:
"மூக்கா?"

"போன மழையிலேர்ந்து."

விடிகாலை ஐந்தேகாலுக்குத் தண்ணீர் வரும்.
எனக்கு முன்னால் எழுந்து
தலையணை உறை துவைக்கிற பெண்ணை
என்ன சமர்த்து என்று
இந்த டவர் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

டப்பாவைத் திறக்கிறேன்.
இரவில் ஈறு தூங்கவேண்டும், தெரியும்.
விளிம்பைத் தடவுகிறேன்,
கை நடுங்கியதால் இரண்டாம் முறையும்.
நனைத்து, மேல் செட்டை மட்டும் மாட்டுகிறேன்.
'த'வுக்கு அது போதும்.

முதலில் அவள் பெயர், முழுசாக.
பிறகு அந்தச் சொல்.
சொல்லிவிட்டு வாயைக் கொப்பளித்துத் துப்பிப் பார்க்கிறேன்.
வெள்ளைத் தண்ணீர்தான்.
அவளும் குனிந்து பார்க்கிறாள்.

டாக்டர் சல்தானாவுக்கு
சனிக்கிழமை லீவு கிடையாது.